நாற்பது நாற்காலி

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
சிறப்பு விருந்தினர் சரக்கு ரயிலுக்கு அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம், பழைய எண்ணெய் மில்லில்
எங்கள் முதல் கண்காட்சி.
புழுக்கத்தில் டபுள் டேப் விட்டுப்போய்
ஐந்து நிமிடத்துக்கொரு புகைப்படம்
தானே தரையிறங்கிக்கொண்டிருந்தது.

முதுகில் 'மோசஸ் சவுண்ட் சர்வீஸ்' என்றெழுதிய
நாற்பது நாற்காலி. முப்பத்தெட்டில் ஆள்.
மைக்கை வாங்கினான் டில்லிபாபு, வாடகைக் கடைப் பையன்:
"மன்னிச்சுக்கோங்க. நாலாவது சந்துல
ரோசம்மாக்கா தவறிட்டாங்க.
கடையில வேற சேர் இல்ல."

யாரும் பேசவில்லை.
ஆளுக்கொன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள்,
சிவப்புக் கால்கள் வானம் பார்க்க.
கைக்குழந்தைக்காரியின் நாற்காலியையும் சேர்த்துத் தூக்கினார்
கேரம் கிளப் தன்சிங்.

கேட் திறந்து விருந்தினர் வந்தபோது
கூடத்தில் நான், ஆறாத சுண்டல்.
உட்கார ஒன்றுமில்லை.
ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வந்தவர்
ஏழாவது படத்தில் தேங்கினார்:
தண்ணீர் லாரியின் பின்னால், குடம் இடுப்பில்,
யாரையோ திட்டுவதில் பாதி வாய் திறந்த ஒருத்தி.
"யார் இவங்க?"

பதில் சொல்லுமுன் டில்லிபாபு திரும்பி வந்துவிட்டான்.
"வீட்ல வேற போட்டோ இல்லியாம். மாலை போடணும்."

விருந்தினரே உரித்தார்.
மற்றதெல்லாம் தானாக விழுந்த சுவரில்
அது மட்டும் வரமாட்டேனென்றது.
வந்தபோது
கொஞ்சம் சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு வந்தது.