உத்ரெக்ட், ஒரு ஷூ குறைவாக

நாலு பேராகப் போனால் ரயில் டிக்கெட் மலிவு.
நாங்கள் நாலு பேராக இருந்து இரண்டு வருடமாகிறது;
டிக்கெட் அதையெல்லாம் கேட்பதில்லை.
சீஸ் ரொட்டியும் பிளாஸ்கும் ரெயின்டர் முதுகில்,
குடைகள் என் முதுகில்.

இந்த ஊரில் தெருவுக்குக் கீழே இன்னொரு தெரு.
மேலே சைக்கிள்கள் விர்ரென்று;
படியிறங்கினால் கால்வாயை ஒட்டிக் கல்தளம்.
பீப்பாய் உருட்டிய நிலவறைகளில்
இப்போது பான்கேக் மணம்.
யில்டாவ் மெனுவைப் பார்த்து முகம் சுளித்தாள்.
பன்னிரண்டு வயது. எதுவும் நன்றாக இருக்கக் கூடாதென்று
முடிவெடுத்துக் கிளம்பியவள்.

மிதிபடகு, ஒரு மணி நேரம்.
ஆளுக்கு இரண்டு பெடல், நடுவில் ஒரே சுக்கான்.
"இடது" என்றேன்.
"தெரியும்" என்றார்.
பாலத்தில் இடித்தோம்.

பாலத்தடியில் குரல் இரண்டாகிறது என்று கண்டுபிடித்த வீட்ஸ
தன்னைத் தானே கூப்பிட்டு
பதிலும் சொல்லிக்கொண்டிருந்தான்.
எழுந்து நிற்காதே என்று நாங்கள் இருவரும்
ஒரே மூச்சில் கத்த,
திடுக்கிட்டுக் காலை உதறினான்.
ப்ளக்.

நீல ஷூ. வெள்ளை லேஸ்.
கொஞ்சம் யோசித்துவிட்டு மூழ்கியது.
ஒரு வாத்து வந்து விசாரித்துப் போயிற்று.
யில்டாவ் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அதன்பின் கோபுரம் ஏறவில்லை.
நானூற்று அறுபத்தைந்து படி,
தோளில் ஆறு வயதோடு.
அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.
கோபுரம் இந்தப் பக்கம், தேவாலயம் அந்தப் பக்கம்;
இடையிலிருந்த கூடத்தை
முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு புயல்
சாய்த்துவிட்டதாம்.
பலகையை உரக்கப் படித்துவந்த ரெயின்டர்
கடைசி வரியைத் தனக்குள் படித்தார்.
"ஏன் திரும்ப ஒட்டலை?"
அவர் தலைமுடியைப் பிடித்தபடி வீட்ஸ.
"காசில்லை" என்றார்.
"அப்புறம் பழகிப்போச்சு" என்றேன்.

கூடையில் கீரைக்கட்டோடு ஒருத்தி
இல்லாத தூண்களுக்கு நடுவே
மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போனாள்.

திரும்பும் ரயிலில் ஸ்வோல்லா எங்கள் ஊர்.
அவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் வடக்கே.
வாசற்படியில், தூக்கம் கலையாமல்
பிள்ளையைத் தோள் மாற்றினோம்.
அதில் மட்டும் கை தவறியதேயில்லை.

வீட்டில் பையைத் திறந்தால் மற்ற ஷூவைக் காணோம்.
வீட்ஸ கழற்றிக் கொடுத்தது
காலி பிளாஸ்கோடு அவருடன் போயிருக்கும்.
கேட்கலாமென்று போனை எடுத்தேன்.
ஒற்றை ஷூவை வைத்துக்கொண்டு
அவர்தான் என்ன செய்வார்,
நான்தான் என்ன செய்வேன்.