கறுக்கும் வரை

தாம்பெரேயில் டிசம்பரில்
மூன்று மணிக்கே விளக்குப் போட்டுவிடுகிறார்கள்.
டிராமில் நானும் ஓட்டுநரும் மட்டும்.
கிறிஸ்துமஸ் என்று செல்களுக்குத் தெரியாது.
அவற்றுக்குப் பசிக்கும்.

இளஞ்சிவப்புத் திரவம் மஞ்சளாகியிருந்தால்
பட்டினி போட்டிருக்கிறேன் என்று பொருள்.
இன்று ஆரஞ்சு. மன்னிக்கத்தக்க தாமதம்.
பழையதை உறிஞ்சி எடுக்கிறேன்,
புதியதைக் குழியின் சுவரோரமாக விடுகிறேன்.
நேரே விழுந்தால் பிய்ந்துகொண்டு வந்துவிடும்,
ஆறு வார உழைப்பு.

பதினேழாம் எண் என்று ஒட்டியிருக்கிறது.
பெயர் எனக்குத் தெரியும், சொல்லக் கூடாது.
லாரி ஓட்டியவர். அறுபத்தோரு வயதில்
சாலையின் நடுவே ஒரு சாம்பல் வட்டம்
வந்து உட்கார்ந்துகொண்டதாம்.
ஓரத்து மரங்கள் தெரிகின்றன,
எதிரே வரும் முகம் தெரியவில்லை.
ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் இடத்தை
நான்தான் விரல் வைத்துக் காட்டினேன்.
என் விரல்மேலும் கொஞ்சம் மை.

அவர் கையிலிருந்து எடுத்த தோலிடம்
தோல் என்பதை மற என்றோம்.
மறக்க மூன்று வாரம் பிடித்தது.
எதுவாகவும் ஆகக்கூடிய குருத்தாய் நின்றது,
விளிம்பு மட்டும் மின்ன.
பிறகு கண்ணாகச் சொன்னோம்.

விழித்திரைக்கு அடியில் போகவேண்டிய செல்
கறுக்கவேண்டும்.
கறுக்காவிட்டால் அது வேறு எதுவோ.
ஊரே வெளிச்சத்துக்கு ஏங்கும் மாதத்தில்
நான் ஒருத்தி
இருட்டுக்காகக் குனிந்து கிடக்கிறேன்.

என் நான்காவது ஒப்பந்தம் முப்பத்தொன்றோடு சரி.
"மிகச் சிறந்த விண்ணப்பம், எனினும்"
என்று தொடங்கிய மானியக் கடிதத்தை
எனினுமோடு மூடிவிட்டேன்.
வேலைவாய்ப்பு அலுவலகப் படிவம் கேட்கிறது:
வேறு என்ன தெரியும்?
நிறம் பார்த்துப் பசி சொல்வேன், எழுதினேன்.
அழித்தேன்.
ஓட்டுநர் உரிமம் உண்டு.

ஜனவரியிலிருந்து இவை பொகுமிலாவுக்கு.
போஸ்னானிலிருந்து வருகிறாள், பார்த்ததில்லை.
குளிர்பெட்டிக் கதவில் அவளுக்கு ஒரு தாள்:
மூன்றாம் இன்குபேட்டர் சரியாகச் சாத்தாது,
இடுப்பால் ஒரு தள்ளு.
ஞாயிறு என்று ஒன்று கிடையாது.
நைட்ரஜன் தொட்டி, ஏழாம் அடுக்கு, பச்சை மூடி,
பன்னிரண்டு குப்பி. எல்லாம் செத்தால் மட்டும் தொடு.
பதினேழு லாரி ஓட்டியவர்.
கடைசி வரியை அடித்தேன்.
அடித்தும் வாசிக்க முடிகிறது.
இருக்கட்டும்.

விளக்கை அணைக்குமுன் இன்னொரு முறை பார்த்தேன்.
ஆறாம் குழி.
நடுவில் ஒன்றுமில்லை.
ஓரத்தில், மிளகுத் தூள் சிதறியதுபோல்.
தூசியாக இருக்கும்.
லென்ஸைத் துடைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றி அதையும் துடைத்தேன்.
தட்டை ஒரு மயிரிழை நகர்த்தினேன்.

புள்ளிகளும் நகர்ந்தன.