நில், மெதுவாக

காலை ஐந்தே முக்காலுக்கு
என் கையில் ஒரு கம்பு,
கம்பின் முனையில் ஒரு பலகை.
ஒரு பக்கம் நில்.
மறுபக்கம் மெதுவாக.
போ என்று எந்தப் பக்கமும் இல்லை.
வேலைக்குச் சேர்ந்த அன்றே கவனித்தேன்,
யாரிடமும் கேட்கவில்லை.

மெல்பேர்னுக்கு மேற்கே, டார்னீட்டில்
ஒரு வீதியை அகலமாக்குகிறோம்.
எல்லோரும் ரயிலுக்குப் போகிறவர்கள்.
நிலையத்தின் கார்த் தரிப்பிடம்
ஆறரைக்கு நிரம்பிவிடும்
என்று ஆறுக்கு வந்தார்கள்.
இப்போது ஆறுக்கே நிரம்பிவிடுகிறது.

எதிர்முனையில் சியோசி.
"உன் பக்கம் எத்தனை?" என்பான் வோக்கியில்.
வால் தெரியவில்லை என்பேன்.
"என் பக்கமும்."
பிறகு இரண்டு பேரும் பேசாமல்
இயந்திரம் கல்லைக் கொத்துவதைக் கேட்டபடி நிற்போம்.
இந்த மண் முழுக்க எரிமலைக் கல்.
தோண்டத் தோண்ட வருகிறது.
வந்ததை அடுக்கி
அடுத்த குடியிருப்பின் வாசலில்
பேர் எழுதிய மதில் கட்டிவிடுகிறார்கள்.

நேற்று ஒருவர் கண்ணாடியை இறக்கினார்.
"நீங்களெல்லாம் வந்துதான் இந்த இடம் இப்படி."
அவருடைய ஆங்கிலத்திலும்
தூரத்து ஊர் ஒன்று இருந்தது.
பலகையைத் திருப்பினேன்.
மெதுவாகப் போனார்.

எங்களுக்கெல்லாம் ஒரு எண் உண்டு.
ஏழாம் கட்டத்தில் வீடு வாங்கியவர்கள்
ஒன்பது வருவதற்கு முன்
பாதை எவ்வளவு வெறிச்சென்று கிடந்தது என்பார்கள்.
ஒன்பதில் வாங்கிய நான்
"பன்னிரண்டு வருவதற்கு முன்..." என்று தொடங்கி
பாதியில் என் குரலை நானே கேட்டிருக்கிறேன்.
கேட்டும் நிறுத்தவில்லை.

மார்ச்சில் நகரசபைக்கு ஒரு மனு.
பள்ளிக்கூடம் கட்டும்வரை
பதினாலாம் கட்டத்துக்கு அனுமதி வேண்டாம்.
என் கையெழுத்து நாற்பத்தோராவது.
மகள் தகர வகுப்பறையில் படிக்கிறாள்.
மழை பெய்தால் ரீச்சர் படம் மட்டும் காட்டுவா,
குரல் கேட்காது.
கையெழுத்துப் போட எனக்கு அது போதும்.
இப்போதும் போதும்.

பதினாலு வந்தது.

வெள்ளி இரவு பதினொன்றரைக்கு
அங்கேயிருந்து ஓடிவந்து கதவைத் தட்டினான் ஒரு பெடியன்.
ஜூன் குளிரில் வெறும் பெனியன்.
பிபேக் என்று பேர் பிறகுதான் தெரியும்.
மனைவிக்கு வலி. அம்புலன்ஸ் வருகிறது,
எங்கே வருகிறது என்றுதான் தெரியவில்லை.
வரைபடத்தில் அவர்களுடைய தெரு
இன்னும் புல்வெளி.
என் கொடியில் காயும் செம்மஞ்சள் அங்கியைப்
பகலில் பார்த்து வைத்திருக்கிறான்.

நைட்டிக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு
சுற்றுவட்டத்தில் போய் நின்றேன்.
பலகை கம்பனியுடையது, வீட்டில் இல்லை.
மகளின் டோர்ச் இருந்தது.
தூரத்தில் சிவப்பும் நீலமும்
ஏழுக்குள் போய், ஒன்பதுக்குள் போய்,
முட்டுச் சந்தில் பின்வாங்கி,
ஒருவழியாக என் வெளிச்சத்தைக் கண்டது.
அந்த அங்கிக்குள் நின்று முதல் தடவையாக
ஒரு வண்டிக்குப் போ என்று கை காட்டினேன்.
போ, போ, இடப்பக்கம், விளக்கில்லாத தெரு.

பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு.
லட்டுப் பெட்டியோடு வந்தான் பிபேக்.
பாலர் பள்ளிக்குப் பெயர் கொடுத்தாயிற்றாம்,
காத்திருப்பவர்களில் இருநூற்றுப் பன்னிரண்டாவது.
பிறந்து நாலு நாள்.
சிரித்தான். நானும் சிரித்தேன்.
நாற்பத்தொன்று என்ற எண்
லட்டோடு தொண்டையில் நின்றது.
தண்ணீர் குடித்து விழுங்கினேன்.

இன்று காலை ஆறுக்கு
அவன் கார் என் வரிசையில்,
நாலாவதோ ஐந்தாவதோ.
கண்ணாடிக்குள்ளிருந்து கையசைத்தான்.
அவனுக்குத் தெரிந்த பக்கம் நில்.
வோக்கியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
சியோசி இன்னும் பதில் சொல்லவில்லை.