ஆண்டு வருமானம்

கட்டணச் சலுகை விண்ணப்பத்தில்
ஏழாவது கட்டம்: ஆண்டு வருமானம்.

எந்த ஆண்டு என்று கேட்டேன்.
காவேரிப்பட்டணம் இ-சேவை மையத்துப் பையன்
கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

காய்ப்பு வருஷமென்றால்
மாங்கூழ் ஃபேக்டரியில் எழுபது நாள்.
தோத்தாபுரி லாரிகள் ரோட்டோரம் வரிசை கட்டி நிற்க
பால் பட்டுக் கை வெந்து
நகக்கண் மஞ்சளாகி
ஆடி பிறக்கும்போது கணக்கு முடிப்பார்கள்.
காயாத வருஷமென்றால்
நூறு நாள் வேலை, அதில் கிடைத்த நாள்.
அப்புறம் ராயக்கோட்டையில் தக்காளி தரம் பிரிப்பது.
மாமரம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்.
பள்ளிக்கூடத்துக்கு எல்லா வருஷமும் ஜூன்.

குடும்பத் தலைவர்: திம்மராயன்.
தொழில்: பெங்களூர்
என்று எழுத முடியுமா?
மூன்று வருஷமாக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எல்.கே.ஜி.யிலிருந்து எட்டாவது வரை
அரசாங்க ஒதுக்கீட்டில் போனாள் லக்‌ஷிதா.
ஒன்பதாவதில் அது முடிகிறது.
அதே பள்ளி, அதே மூன்றாம் பெஞ்ச்,
இப்போது முப்பத்தெட்டாயிரம்.

வி.ஏ.ஓ. நல்ல மனுஷர்.
"எழுபத்திரண்டாயிரம் போட்டுடவாம்மா?
எல்லாருக்கும் அதான் போடுறேன்."
மூன்று போர்வெல் ஓடும் வீட்டுக்கும்
மூன்று ஆடு கட்டிய எங்கள் வீட்டுக்கும்
ஒரே எழுபத்திரண்டாயிரம்.
எங்கள் ஊரில் சமத்துவம்
அந்த ஒரு தாளில்தான் வந்திருக்கிறது.

அடுத்த கேள்வி விண்ணப்பத்தில் இல்லை:
எந்தச் சேலை கட்டுவது?
நல்லதைக் கட்டினால், இவங்களுக்கு எதுக்குச் சலுகை.
ஃபேக்டரிச் சேலை கட்டினால், மீதிய எங்கேருந்து கட்டுவாங்க.
கடைசியில் நல்ல சேலை, பழைய ரவிக்கை.
மத்தூர் தாண்டியதும் பஸ்ஸிலேயே
கம்மலைக் கழற்றிப் பர்ஸில் போட்டேன்.
லக்‌ஷிதா பார்த்தாள்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாளாளர் சான்றிதழைப் படித்தார்.
கால்குலேட்டரை அருகில் இழுத்தார்.
"சலுகை போக இருபத்தஞ்சாயிரம் வரும்.
எழுபத்திரண்டுல அது போனா
சாப்பாட்டுக்கு என்னம்மா பண்ணுவீங்க?"
குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை.
எழுபத்திரண்டே பொய் சார்,
போன வருஷக் காய்ப்பையும் சேர்த்து
ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை என்று
எப்படிச் சொல்வது?
ஏழை என்று எழுதிக் கொடுத்த தாளே
என்னைப் பதினாலாயிரம் பணக்காரி ஆக்கியிருந்தது.
"குழுவுல சொல்லி வச்சிருக்கேன் சார்" என்றேன்.

தாளைப் புரட்டினார்.
சலுகை கோரும் காரணம், நாலு கோடு.
அதை நான் காலியாக விட்டிருந்தேன்.
பணிவுடன் என்று ஆரம்பித்து
அடித்துவிட்டு எழுந்து போயிருந்தேன், முந்தின ராத்திரி.

அடித்ததற்குக் கீழே லக்‌ஷிதாவின் கையெழுத்து,
நீல மை, முதல் கோட்டில் மட்டும்:
இது மா காயாத வருஷம்.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
அவருக்கும் தோப்பு இருக்கிறதோ என்னவோ.
"அடுத்த வருஷம் காய்க்குமா?"
நான் வாய் திறப்பதற்குள்
"காய்க்கும் சார்" என்றாள்,
வகுப்பில் கேட்ட கேள்விக்குப் போல எழுந்து நின்று.

நாலு தவணை. முதல் தவணை பத்தாம் தேதி.
பத்தாம் தேதிக்கு ஒரு ஆடு போகும்.
எந்த ஆடு என்று இரண்டு பேருமே பேசவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பர்ஸைத் துழாவினேன்.
கம்மல் இரண்டும் இருந்தன.
ஒரு திருகாணியைக் காணோம்.
லக்‌ஷிதா ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து
ரப்பரில் ஒரு முனையைக் கடித்தெடுத்து
என் காதுக்குப் பின்னால் செருகினாள்.
"ஆட்டாதம்மா" என்றாள்.
போச்சம்பள்ளி வரும்வரை
தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.