கூட்டக் குறிப்பு, அக்கரைப்பற்று

பத்து மணிக்கென்று போட்டது.
பொத்துவில் பஸ் பதினொன்றரைக்குத்தான் வந்தது.
வாகரை யோகமலர் விடியச்சாமம் எழும்பினவள்,
கதிரையிலேயே கண்ணயர்ந்தாள்.
யாரும் எழுப்பவில்லை.

முதல் விடயம், பெயர்.
வன்முறை என்ற சொல் பலகையில் தொங்கினால்
எங்கட ஊரில் ஒருத்தியும் படியேற மாட்டாள்
என்றார் ரிஸ்மியா.
தொங்காவிட்டால் தையல் வகுப்பென்று நினைப்பார்கள்
என்றாள் கோமளாதேவி.
ஒரு மணித்தியாலம்.
பெயர் ஒத்திவைக்கப்பட்டது.
(வழக்கு மாதிரியே, என்று யாரோ முணுமுணுத்தது
குறிப்பில் இல்லை.)

இரண்டாவது, நிரலில் இல்லாதது.
"உங்கட ஆக்கள்" என்று ஒருத்தி தொடங்கினாள்.
"உங்கட ஆக்கள்" என்று மற்றவள்.
உகணையிலிருந்து வந்த சோமலதாவுக்கு
மொழிபெயர்த்துச் சொன்னோம்.
நெடுநேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.
பிறகு அவர் சொன்னதை நான் எழுதவில்லை.
பேனையை மூடினேன்.
கரண்ட் போயிருந்தது.
பிளேன்டிக்குச் சீனி போதாது:
அன்று எல்லோரும் ஒத்துக்கொண்ட முதல் சங்கதி.

தீர்மானம்.
பொத்தான் வைத்த பழைய போன் ஒன்று.
கிழமைக்கு ஒரு ஊராய்
கரை நெடுகச் சுற்றும், உள்ளேயும் போகும்.
எந்தச் சாமமானாலும் எடுக்க வேண்டும்.
என்ன உடுத்திருந்தாய் என்று கேட்கக் கூடாது.
இவ்வளவு நாளும் ஏன் என்றும்.
உடுப்பைக் கழுவாதே என்பதை
அதட்டாமல் சொல்ல வேண்டும். இது கஷ்டம்,
யோகமலர் எழும்பி இரண்டு தரம் சொல்லிக் காட்டினாள்.
குறிப்பில் பெயர்கள் வராது.
இன்னார், இன்ன ஊர், இன்ன திகதி.

ஐந்தாம் கிழமை போன் என்னிடம், திருக்கோவிலில்.
புதன் இரவு இரண்டு பத்து.
மூச்சுத்தான் முதலில்.
பிறகு சிங்களம்,
தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல.

எனக்குத் தெரிந்த சிங்களம்
சந்தைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் காணும்.
விலை கேட்பேன். இறக்கிவிடச் சொல்வேன்.
அம்பாறை பஸ்ஸில் கொண்டக்டர்
ஓடிவரும் கிழவிக்காகச் சாரதியிடம் கத்துவானே,
இன்ன, இன்ன.
இரு, நில், போய்விடாதே.

இன்ன, என்றேன்.
இன்ன, இன்ன.

மறுகையால் என் போனில் சோமலதாவை எடுத்தேன்.
நாலாவது மணிக்கு "ஹலோ".
இரண்டு போனையும் வாயும் காதுமாய்ச் சேர்த்து,
நுளம்புவலைக்குள்,
பிடித்துக்கொண்டிருந்தேன்.
ஒன்றும் விளங்கவில்லை.
ஒரு இடத்தில் இருவரும் சேர்ந்து அழுதார்கள், அது விளங்கியது.
பிறகு சோமலதாவின் குரல் மட்டும்,
மெதுவாக, அதட்டாமல்,
உடுப்பைப் பற்றியாக இருக்க வேண்டும்.

கை விறைத்துப்போனது.
அடுத்த கூட்டம் மாசக் கடைசி, வாழைச்சேனை.
முதல் விடயம் இன்னும் பெயர்தான்.