கைப்பிடி உயரம்

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது குறுக்குத் தெரு.
ஷட்டர் பாதி ஏறும்போதே வந்து நின்றாள்.
தோளில் எங்கள் பட்டறையின் களையெடுப்பான்,
விரலிடுக்கில்
அதற்கும் சேர்த்துக் கிழித்த லக்கேஜ் டிக்கெட்.

'பேரு அஞ்சலாட்சி. பொன்னேரிக்கு அந்தாண்ட.
செங்குன்றத்துல பஸ் மாறி வரேன்.
இதைச் செஞ்சது யாரு?'

நான்தான் என்று சொல்ல
கொஞ்சம் நேரம் பிடித்தது.

இரண்டு கூம்பு உருளை,
ஒரு தகடு மழுங்கல், அடுத்தது பல் வைத்தது,
முன்னால் ஒரு மிதவை.
நாளைக்கு எட்டு வண்டிக்குப் பற்றவைக்கிறேன்.
சேறென்று நான் மிதித்தது
ஐப்பசி மாதத்துக் கொரட்டூர் சுரங்கப்பாதையில்.

'உருளை நல்லா உருளுது.
கயிறு கட்டி
சாணுக்கு ரெண்டு விரல் கூடவே விட்டுக் குத்தின நாத்து,
எடையில நேரா ஓடுது.
கோரையை அப்படியே அமுக்கிப் பொதைக்குது.
கைப்பிடிதான் என் கழுத்துக்கு வருது.'

தேவசகாயம் அண்ணனை நிற்க வைத்து
அளவெடுத்து வளைத்த குழாய்.
ஐந்தடி பத்தங்குலம்.
வேறு யார் தள்ளுவார்கள் என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டு
கண்ணாடியைத் துடைத்தார், ரொம்ப நேரம்.

'குனிஞ்சு கையால புடுங்கினா
பொம்பள வேலை, முந்நூறு.
அதே களையை நிமிர்ந்து உருட்டினா
மிஷினு, ஆம்பள வேலை, அறுநூறு.
பத்துப் பேர் எறங்கின கழனிக்கு
ரெண்டு பேர் போதுமாம் இப்ப.
உங்களுக்கு எட்டாதுங்கறாங்க.
எட்டாதது கைப்பிடியா, கூலியான்னு
பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.'

முதலாளி சொன்னார்:
துளை போட்டுப் பின் வைத்தால்
வண்டிக்குப் பன்னிரண்டு ரூபாய் கூடும்.
தேவசகாயம் அண்ணன் அதற்குள்
சுவரோரம் அவளை நிற்கச் சொல்லி
இடுப்புக்குச் சற்று மேலே
சாக்பீஸால் கோடிழுத்திருந்தார்.

அறுத்தேன். மூன்று துளை. ஒரு பின்.
பொறி பறந்தபோது அவள் முகம் திருப்பவில்லை.

பட்டறைக்குப் பின்னால் விற்காத மனையொன்று,
நேற்றைய மழை முழங்கால் வரை.
சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள்.
தள்ளி, இழுத்து, தள்ளி,
சாக்கடைக் கறுப்பில்
ஒரு நேர்கோடு.
பல்லில் ஒரு பால் பாக்கெட் சிக்கியது.
'எங்க ஊர்க் களைக்கு இது பரவால்ல'
என்று உதறிவிட்டு
அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பினாள்.
லேத்தில் இருந்தவர்கள் எல்லாம்
வாசலுக்கு வந்துவிட்டோம்.

காசு வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தாள்.

கிளம்பும்போது கேட்டாள்:
'நடவு மிஷினும் வருதாம் அடுத்த போகத்துக்கு.
ஏறி உக்காந்து ஓட்டறதாம்.
அதுல கால் வைக்கிற பெடல்
எவ்ளோ தள்ளி இருக்கும்?'

அது எங்கள் பட்டறை இல்லை, என்றேன்.

'யாரோ ஒருத்தர் பட்டறைதானே'
என்றாள்,
களையெடுப்பானைத் தோள் மாற்றிக்கொண்டு,
பஸ் வரும் திசையைப் பார்த்தபடி.