தாழ்வு மண்டலம்

பதினோரு வருடமாய் வானொலியில்
வாகுவா நிலையம் அனுப்பும் பிரெஞ்சுத் தாளைத்
தமிழாக்கி வாசிக்கிறேன்.
'தெப்ரெஸ்யோன்' என்று வந்தால்
கை தானாய் எழுதும்:
காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்.
அகலேகாவுக்கு வடகிழக்கே நானூறு கிலோமீட்டர்.
மணிக்கு ஒன்பது கிலோமீட்டரில் மேற்கு நோக்கி.
மொரீசியசுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.

செவ்வாய்க்கிழமை ரோஸ்ஹில்லில்
டாக்டர் சீட்டில் அதே சொல்,
என் பெயருக்குக் கீழே.
திசை இல்லை. வேகம் இல்லை.

பேருந்தில் மொழிபெயர்த்துப் பார்த்தேன்.
மனச்சோர்வு:
மூட்டை சுமந்தவர் சொல்லலாம்,
நான் எதையும் தூக்கவில்லை.
மன அழுத்தம்:
வானத்தில் அழுத்தம் குறைந்தால் வரும் சொல்
மனதுக்கு வரும்போது
எப்படிக் கூடிப்போனது?
நாலு மாதமாய் என்னிடம்
எதுவும் கூடவில்லை,
குழம்பில் உப்பு உட்பட.
வாட்டம் என்றால் கீரைக்கட்டு.
விரக்தி என்றால் யார்மீதாவது கோபம் வேண்டும்.
போ பாஸ்ஸேன் தாண்டியபோது
நடத்துனர் இரண்டு முறை கூப்பிட்டாராம்.

சீட்டைப் படித்த கேசவேன்
ஒன்றும் கேட்கவில்லை.
கடைக்குப் போய்
மெழுகுவர்த்தி, சார்டின் டின், பேட்டரி
வாங்கி வந்தார்.
இருந்த வாளியிலெல்லாம் தண்ணீர் பிடித்தார்.
மாடி ஜன்னலின் தளர்ந்த கொக்கியை முறுக்கினார்.
"புயலா பாப்பா?" என்றாள் சின்னவள்.
வெளியே
லிச்சி மரத்தில் ஓர் இலை அசையவில்லை.
"சும்மாதான்" என்றார்.

காலை ஆறு மணித் தாளில்
அந்தச் சொல் மறுபடி.
ஒரு மூச்சு கூடுதலாய் நின்றுவிட்டேன்.
கண்ணாடிக்கு அப்பால் ரம்தீன் கையசைத்தார்.
ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது
என்றிருந்தது.
அப்படியே வாசித்தேன்.